அத்தை வீட்டு லேண்ட்லைன் ஃபைபருக்கு மாறியது: அயனாவரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை அயனாவரத்தில் என் அத்தை தனியாக இருக்கிறார். வயது 81. மாமா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 2015ல் தவறிப்போனார். வீட்டில் இன்டர்நெட் கிடையாது, அத்தையிடம் செல்போனும் கிடையாது. கூடத்தில் மர ஸ்டூல் மேல் ஒரு பட்டன் போன், உள்ளறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே லைனில் இன்னொரு போன். விண்ணப்பம் போட்டு ஆறு வருஷம் காத்திருந்து 1992ல் வந்த இணைப்பு அது.

2024 ஜூலையில் அந்த லைன் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறியது. ஆள் வந்து மாட்டிய வேலை இரண்டே மணி நேரம். ஆனால் அத்தை பழையபடி அந்தப் போனை நம்புவதற்கு நவம்பர் ஆகிவிட்டது. இடையில் என்ன நடந்தது, எதை முன்பே செய்திருக்கலாம் என்று எழுதி வைக்கிறேன். இதே வேலையைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்யப்போகிறவர்களுக்கு அந்த நாலு மாத அலைச்சல் மிச்சமாகட்டும்.

அந்தப் போன் எதற்கு

"ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்துடலாமே" என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்கியும் கொடுத்தோம், இரண்டு முறை. அத்தைக்கு வலது கை விரல்கள் நடுங்கும். சின்ன பட்டன்களை அழுத்தினால் பக்கத்து எண்ணும் சேர்ந்து விழும். இரண்டு செல்போனும் சார்ஜ் இல்லாமல் அலமாரிக்குள் போய்விட்டன. லேண்ட்லைன் அப்படியில்லை. இருட்டில் கை நீட்டினாலும் அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

அவருடைய நாள் அந்தப் போனைச் சுற்றித்தான் ஓடுகிறது. காலை 7 மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகள். மாலையில் விளக்கு வைத்த பிறகு திருநெல்வேலியிலிருந்து தங்கை. வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து மகன். அப்புறம் மருந்துக்கடை, பால்காரர், கேஸ். நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டையில் பதினோரு எண்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. செல் எண்களுக்கு முன்னால் மட்டும் சிவப்பு மையில் 0. லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று 2021 ஜனவரி 15ல் நடைமுறை வந்தபோது நான் எழுதிக் கொடுத்தது.

வர்தா புயலையும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12. மாமா போன மறு வருஷம், அத்தை முதல் தடவையாகத் தனியாக ஒரு புயலைப் பார்த்தார். தெருவில் மரங்கள் சாய்ந்து கிடந்தன, நாலு நாள் கரண்ட் இல்லை, எங்கள் செல்போன்களில் சிக்னல் போய்விட்டது. அத்தை வீட்டு லேண்ட்லைன் மட்டும் அடித்தது. பக்கத்து நாலு வீட்டுக்காரர்களும் வந்து அதிலிருந்துதான் வெளியூருக்குத் தகவல் சொன்னார்கள். "எது போனாலும் இது போகாது" என்று அத்தை சொல்வதற்குப் பின்னால் அந்த நாலு நாள் இருக்கிறது. மாற்ற வேண்டியிருந்தது வெறும் ஒயரை அல்ல, அந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான். அது எனக்கு அப்போது புரியவில்லை.

மாற்றாமலும் இருக்க முடியவில்லை. மழைநீர் வடிகாலுக்கும் மெட்ரோவுக்கும் எங்கள் பக்கம் தொடர்ந்து தோண்டினார்கள். நிலத்தடியில் ஓடும் செம்புக் கேபிள் ஒவ்வொரு முறையும் எங்கேயாவது அறுபட்டது. ஒரே வருஷத்தில் மூன்று தடவை லைன் செத்தது. கடைசித் தடவை பத்தொன்பது நாள். வந்து பார்த்த லைன்மேன் வருத்தத்தோடுதான் சொன்னார்: "இதுக்கு ஜாயின்ட் போட்டு மாளாதும்மா. ஃபைபருக்கு மாத்திடுங்க, நம்பர் அதேதான் இருக்கும்."

கரண்ட் எங்கிருந்து வந்தது

வர்தாவில் கரண்ட் இல்லாமல் போன் எப்படி வேலை செய்தது? பழைய லேண்ட்லைனுக்கு வேண்டிய மின்சாரம் வீட்டிலிருந்து போவதில்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே இரண்டு செம்புக் கம்பி வழியாக 48 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். மணி அடிக்கும்போது மட்டும் அதற்கு மேல் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் வரும். கம்பியைப் பிடித்திருக்கும் லைன்மேனுக்கு அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தால் சுருக்கென்று அடிப்பது அதனால்தான். எக்ஸ்சேஞ்சில் வரிசை வரிசையாக பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். ஊரே இருட்டாக இருந்தாலும் கம்பி அறுபடாத வரை போன் பேசும்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் வருவது ஒளி, மின்சாரம் வராது. ஒளியைக் குரலாக மாற்ற வீட்டுக்குள் ஒரு பெட்டி வேண்டும். எல்லோரும் அதை மோடம் என்றுதான் சொல்கிறார்கள். அது வீட்டு பிளக்கிலிருந்து 12 வோல்ட் அடாப்டர் வழியாகக் கரண்ட் எடுக்கும். வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணையும், மோடம் அணைந்தால் போனும் போச்சு. மற்றபடி போன் கருவி, எண், டயல் செய்யும் முறை எல்லாம் பழசேதான். ஃபைபர் போன் போடுவதற்கு வீட்டில் யாரும் இன்டர்நெட் பார்க்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. மோடத்தின் பின்பக்கம் 'டெல்' என்று எழுதிய சின்ன ஓட்டையில் பழைய போன் ஒயரைச் செருகினால் போதும்.

இந்த ஒரு விஷயத்தை அத்தையிடம் முதலிலேயே சொல்லாதது என் தவறு. "எல்லாம் அப்படியேதான் அத்தை இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

பெயர் மாற்றமும் இடையில் விழுந்த இரண்டு நாளும்

இணைப்பு மாமா பெயரில் இருந்தது. ஒன்பது வருஷமாக அதே பெயரில் பில் வந்து, அதே பெயரில் கட்டிக்கொண்டிருந்தோம். புதிய விண்ணப்பத்தில் அது நின்றுவிட்டது. எங்களிடம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகள் இருவருடைய ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், அத்தையின் ஆதார் எல்லாம் கேட்டார்கள். மஸ்கட்டிலிருந்து கடிதம் வந்து சேர மூன்று வாரம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பில்லை எடுத்துப் பாருங்கள். நிறைய வீடுகளில் அது இல்லாதவர் பெயரில்தான் இருக்கும்.

ஓ.டி.பி. வருவதற்கு ஒரு செல் எண் வேண்டும் என்றார்கள், என்னுடையதைக் கொடுத்தேன். காகித பில்லும் நின்றது. மாதாமாதம் என் போனுக்கு வருவதை அச்செடுத்து அத்தையிடம் கொடுக்கிறேன். பில்லைக் கையில் பார்த்து, மடித்து, ஃபைலில் குத்தி வைத்தால்தான் அவருக்குத் திருப்தி. அது அவருடைய கணக்கு, அதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

பெரிய தவறு அதற்குப் பிறகு நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பழைய லைனை நிறுத்திவிட்டார்கள். ஃபைபர் போட வேண்டியவர் வியாழக்கிழமைதான் வந்தார். இடையில் இரண்டு நாள் வெளியிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது, வீட்டில் அடிக்கவே இல்லை. செவ்வாய் மாலை திருநெல்வேலிச் சித்தி (அத்தையின் தங்கை) ஏழெட்டுத் தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே கோயம்புத்தூருக்குப் பேசி, அங்கிருந்து எனக்கு வந்து, நான் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, அவர் ஓடிப் போய்க் கதவைத் தட்டினால் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அட்டையில் பதினோரு எண் இருக்கிறது. பதினோரு பேருக்கும் முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சித்திக்கு அந்த மாலை வந்திருக்காது. பழைய லைனை நிறுத்தும் நாளும் புதியது போடும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கவும் வேண்டும்.

மாட்டிய நாள்

ஃபைபர் மேலே மின்கம்பத்திலிருந்து மாடி வழியாக இறங்கியது. மோடத்தை டி.வி. பக்கத்தில் வைத்தார்கள். வெளியிலிருந்து வரும் போன் கம்பியைச் சுவரில் இணைக்கும் பழைய ரோசட் பெட்டியிலிருந்து வெளிக்கம்பியைக் கழற்றிவிட்டு, மோடத்திலிருந்து வந்த ஒயரை அங்கே கொடுத்தார் அந்தத் தம்பி. வீட்டுக்குள் ஏற்கெனவே ஓடும் ஒயர் அப்படியே இருந்ததால் கூடத்துப் போனும் உள்ளறைப் போனும் இரண்டும் உயிர் பெற்றன. வெளிக்கம்பியைக் கழற்றாமல் இதைச் செய்யக்கூடாது; எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் மின்சாரம் மோடத்தைக் கெடுத்துவிடும்.

ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வந்தது. என் செல்லிலிருந்து கூப்பிட்டால் மணி அடித்தது. அத்தை எண்ணை அழுத்தினால் மட்டும் எதுவும் போகவில்லை. டயல் டோன் அப்படியே ஊதிக்கொண்டிருந்தது. மோடத்தை இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார். "போன் பழசு, புதுசு வாங்கிடுங்க" என்றார். அத்தையின் முகம் வாடிவிட்டது. அது மாமா வாங்கியது.

போனைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் தூசி படிந்த ஒரு சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் 'பி', இன்னொரு பக்கம் 'டி'. 'பி'யில் இருந்தது. 'பி' என்றால் பல்ஸ்: எண்ணை அழுத்தினால் பழைய சுழற்றும் போன் மாதிரி லைனை டக்டக்கென்று வெட்டி எண்ணிக்கை சொல்லும். 'டி' என்றால் டோன்: எண்ணுக்கு ஓர் ஒலி. எக்ஸ்சேஞ்ச் இரண்டையும் புரிந்துகொண்டது, இந்த மோடத்துக்கு டோன் மட்டும்தான் தெரியும். நகத்தால் நகர்த்தினேன். போன் பேசியது.

இதில் இன்னொரு விஷயம் வெளிவந்தது. கேஸ் பதிவு செய்ய "1ஐ அழுத்தவும்" என்று குரல் வரும்போது அத்தை அழுத்தினால் எப்போதும் வேலை செய்ததில்லை. தனக்குத்தான் அழுத்தத் தெரியவில்லை என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிப் பதிவு செய்துகொண்டிருந்தார். தவறு அவருடையது அல்ல. பல்ஸில் இருக்கும் போன் அந்த ஒலியை அனுப்பவே அனுப்பாது. அன்று மாலை அவரே அழுத்திக் கேஸ் பதிவு செய்தார். சிலிண்டர் வந்ததும் எனக்கு போன் செய்து, "நானே புக் பண்ணேம்மா" என்றார். இத்தனை வருஷம் யாராவது ஒருவர் அந்தப் போனைக் கவிழ்த்துப் பார்த்திருக்கலாம்.

பவர் கட்

மூன்றாவது வாரத்தில் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தது, காலை 9 முதல் மதியம் 2 வரை. ஐந்து மணி நேரம் போன் இல்லை. "எது போனாலும் இது போகாதுன்னு இருந்தேனே" என்று அத்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் அவரை உட்காரவைத்து, கரண்ட் இப்போது நம் வீட்டிலிருந்து போகிறது என்று விளக்கினேன்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போய், கரண்ட் போனால் மோடத்தைப் பேட்டரியில் ஓட்டும் சின்ன யூ.பி.எஸ். ஒன்று வாங்கினேன், உள்ளங்கை அகலம்தான். வாங்கும்போது மோடம் அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்த வேண்டும், பின்னின் பருமனும் பொருந்த வேண்டும். 9 வோல்ட் யூ.பி.எஸ்.ஸும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

வீட்டில் மாட்டி, பிளக்கைப் பிடுங்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்றேகால் மணி நேரத்தில் மோடம் அணைந்தது. அத்தைக்கு வைஃபை எதற்கு? அதை அணைத்துவிட்டு மறுநாள் பார்த்தோம். நாலரை மணி நேரம் தாங்கியது. இன்டர்நெட் தேவைப்படாத வீட்டில் வைஃபையை அணைத்து வைப்பது பேட்டரிக்குச் செய்யும் பெரிய உதவி.

நம் வீட்டு யூ.பி.எஸ். மட்டும் போதாது. எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஃபைபரைப் பிரிக்கும் பெட்டிகளுக்குக் கரண்ட் தேவையில்லை. ஆனால் எங்கள் பகுதியில் இணைப்பைக் கொண்டுவருபவர் உள்ளூர் கேபிள்காரர். அவருடைய கருவி அடுத்த தெருவில் ஒரு வீட்டு அறையில் இருக்கிறது. அங்கே கரண்ட் போனால்? நேரில் போய்க் கேட்டேன். கோபித்துக்கொள்ளாமல் உள்ளே கூட்டிப் போய் இன்வெர்ட்டரையும் இரண்டு பேட்டரியையும் காட்டினார். மனசு நிம்மதியானது. இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பிரிட்டனில் செம்புக் கம்பியில் ஓடும் பழைய தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரிக்குள் முழுதாக நிறுத்த முடிவு செய்தார்கள். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்ய வழி கொடுக்க வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் இருக்கும் அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. அயனாவரத்தில் நாங்கள் அதை ரிச்சி தெருவில் வாங்கிக்கொண்டோம்.

விடியற்காலை நாலு மணி

யூ.பி.எஸ். வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அக்டோபரில் ஒரு நாள் திருநெல்வேலியில் சித்தப்பா இறந்துபோனார். தகவல் எனக்கு விடியற்காலை நாலு மணிக்கு வந்தது. அத்தைக்குக் கூப்பிட்டேன். மணி போகவே இல்லை. தொடர்புகொள்ள முடியவில்லை என்ற அறிவிப்புதான் வந்தது. கரண்ட் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். இருக்கிறது என்றார். கடைசியில் அவரே கதவைத் தட்டிச் சொன்னார். கூடப் பிறந்த தங்கை வீட்டுச் சாவுச் செய்தி அடுத்த வீட்டுக்காரர் வாயிலிருந்து, இருட்டு வாசலில் நின்று கேட்கும்படி ஆகிவிட்டது அத்தைக்கு. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஆறு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது போன் நன்றாக வேலை செய்தது. கேபிள்காரர் வந்து பார்த்தார், கோளாறு இல்லை. இரண்டு நாள் புரியவில்லை. மூன்றாம் நாள் இரவு அங்கேயே தங்கினேன். பத்து மணிக்கு அத்தை எழுந்தார். கேஸை மூடினார். பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு சுவிட்ச் போர்டாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மிக்ஸி, டி.வி., கூடத்து விளக்கு. டி.வி. போர்டில் மூன்றாவது சுவிட்ச் மோடத்துடையது. டக்.

ஐம்பது வருஷப் பழக்கம். படுக்கப் போகும்போது எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். பத்து மணிக்கு அணைத்தால் யூ.பி.எஸ். இரண்டரை வரை தாங்கும். அப்புறம் அவர் ஐந்தரைக்கு எழுந்து போடும் வரை போன் செத்துக் கிடக்கும். யாரும் பேசாத நேரம் என்பதால் மூன்று மாதமாக யாருக்கும் தெரியவில்லை. யூ.பி.எஸ். இல்லாமல் இருந்திருந்தால் என்றைக்காவது இரவு பதினோரு மணிக்கு யாராவது கூப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கலாம்.

சுவிட்சுக்கு மேல் டேப் ஒட்டலாமா, "அணைக்காதீர்கள்" என்று எழுதலாமா என்றெல்லாம் யோசித்தேன். அத்தையிடமே கேட்டேன்.

"ராத்திரி நீங்க அணைக்காத சுவிட்ச் எதாவது இருக்கா அத்தை?"

"ஃப்ரிட்ஜ். அதை அணைச்சா பால் கெட்டுடும்ல."

"போனும் இப்போ ஃப்ரிட்ஜ் மாதிரிதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அதை அங்கேயே வெச்சிடு" என்றார்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஃப்ரிட்ஜ் போர்டில் கூடுதலாக ஒரு பாயின்ட் எடுத்து, மேலே சுவரில் சின்னப் பலகை அடித்து மோடத்தையும் யூ.பி.எஸ்.ஸையும் அங்கே மாற்றினோம். அத்தையின் கை இருட்டில்கூட அந்த போர்டுக்குப் போகாது. அதற்குப் பிறகு ஒரு நாளும் இரவில் போன் நின்றதில்லை.

இன்னும் சில

ஃபைபரில் குரல் மிகத் தெளிவு. அதுவே ஆரம்பத்தில் அத்தைக்குத் தொந்தரவாக இருந்தது. செம்புக் கம்பியில் எப்போதும் லேசான இரைச்சல் இருக்கும். எதிரே பேசாவிட்டாலும் லைன் உயிரோடிருப்பது காதுக்குத் தெரியும். இதில் எதிராளி நிறுத்தினால் ஒரேயடியாக அமைதி. "இருக்கியா? ஹலோ, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், சில தடவை ரிசீவரை வைத்தும்விட்டார். அவரோடு பேசுகிறவர்களிடம் "ம்" கொட்டிக்கொண்டே கேளுங்கள் என்று சொன்னேன். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

மோடத்தில் ஃபைபர் அறுந்தால் சிவப்பு விளக்கு மின்னும். ஆங்கில எழுத்து அத்தைக்குத் தெரியாததால் என் கைப்பையில் இருந்த ஸ்டிக்கர் பொட்டில் பச்சை ஒன்றும் சிவப்பு ஒன்றும் எடுத்து அந்தந்த விளக்குக்குக் கீழே ஒட்டினேன். சிவப்பு மின்னினால் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும். போன் போயிருக்கும்போது என்னை எப்படிக் கூப்பிடுவார் என்பதை நான் யோசித்திருக்கவில்லை, அத்தைதான் கேட்டார். இப்போது தினமும் காலை 9 மணிக்கு நான் ஒரு தடவை கூப்பிடுகிறேன். போகவில்லை என்றால் அடுத்த அழைப்பு பக்கத்து வீட்டு அண்ணனுக்கு.

போனுக்கு மேலே அட்டையில் இரண்டு வரி கூடியிருக்கிறது: 108, அதற்குக் கீழே வீட்டு முகவரியும் அடையாளமும். பதற்றத்தில் கதவு எண்கூட மறந்துபோகும் என்று எழுதச் சொன்னவர் அத்தை. முதியோர் உதவி எண் 14567ஐயும் சேர்த்தோம். அது காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.

நவம்பரில் மறுபடி பராமரிப்பு மின்தடை வந்தது. முந்தின நாள் பேப்பரில் பகுதிகளின் பெயரைப் பார்த்து அத்தையே நாட்காட்டியில் வட்டம் போட்டிருந்தார். காலை 9க்குக் கரண்ட் போனது. மதியம் 1 மணிக்கு என் போன் அடித்தது.

"இன்னும் அரை மணி நேரம்தான் பேட்டரி இருக்கும். அதான் இப்பவே பேசிடலாம்னு. சாப்பிட்டியா?"

யூ.பி.எஸ். பேட்டரியின் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். தாங்கும் நேரம் மூன்று மணி நேரத்துக்குக் கீழே வந்தால் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மின்தடை அன்றும் எவ்வளவு நேரம் தாங்கியது என்று அத்தை பில் ஃபைலின் முதல் பக்கத்தில் குறித்து வருகிறார். கடைசியாக எழுதியிருப்பது 4 மணி 20 நிமிஷம்.